தஞ்சை தந்த தலைமகன் சர் ஏ. டி. பன்னீர்செல்வம்

குடியாட்சியில் எந்தச் செய்தியும் தலைகளை எண்ணியே முடிவு செய்யப்படுகிறது. ஆதலின் எண்ணிக்கையிற் சிறியோராய் வாழ்வார்க்கு ஒரு கேள்வி எப்பொழுதும் எதிரே நிற்கிறது. தமக்கென ஒரு வேலி கட்டிக்கொண்டு அதனுள் அச்சமின்றி வாழ்வதா? அன்றி வேலியைக் கடந்து ஊர்ப்பொதுவிற் கலந்து, எல்லார்க்கும் உரிய பணியைத் தம் பணியாக ஏற்பதா? கன்னட நாட்டின் ஒரு மூலையில், தங்கம் விளைந்த இம்மண்ணில், மூன்று நான்கு தலைமுறைகளாக வாழும் தமிழராகிய நமக்கும் இக்கேள்வி புதிதன்று. இதற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்து சென்ற பெருமகனார் ஒருவரை இவ்வாண்டு விழா மலரில் நினைவு கூர்வது பொருத்தமெனக் கருதுகின்றேன். அவர், பிறப்பாலும் பற்றாலும் கத்தோலிக்கர்; உழைப்பால் தமிழர் அனைவர்க்கும் உரியவர். அவரே சர் ஏ. டி. பன்னீர்செல்வம் ஆவார்.

சோழ வளநாட்டில், திருவாரூரை அடுத்த பெரும்பண்ணையூர்ப் பகுதியிலுள்ள செல்வபுரத்தில், 1888-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் நாள் அவர் பிறந்தார். நிலபுலன் மிக்க குடும்பம். பெயருக்கு முன் நிற்கும் ஏ. டி. என்னும் இரண்டெழுத்துக்களும் ஆரோக்கியசாமி, தாமரைச்செல்வம் என்பவற்றின் சுருக்கமாம். ஒன்று வேளாங்கண்ணியில் எழுந்தருளியுள்ள ஆரோக்கிய அன்னையை நினைவூட்டும் கிறித்தவப் பெயர். மற்றொன்று தஞ்சை மண்ணின் வயலும் வாவியும் மணக்கும் தூய தமிழ்ப் பெயர். இவ்விரண்டும் ஒரு பெயரில் இணைந்து நின்றதுபோலவே, சமயப் பற்றும் தமிழ்ப் பற்றும் அவர் உள்ளத்தில் ஒன்றையொன்று நெருக்காமல் இணைந்து நின்றன.

இதில் வியப்பில்லை. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் வாழ்ந்து பணி செய்த நாடு அது. யேசு சபையார் 1844-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய தூய வளனார் கல்லூரி, காவிரிக் கரையிலுள்ள இளைஞர் பலருக்கு உயர்கல்வியின் வாயிலைத் திறந்து வைத்திருந்தது. கோயில் மணியோசையும் பள்ளி மணியோசையும் ஒருங்கே கேட்டு வளர்ந்த தலைமுறையிற் பிறந்த பன்னீர்செல்வம், இளமைக் கல்வியை முடித்துக்கொண்டு இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றார். பாரிஸ்டராகத் திரும்பித் தஞ்சையில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார்.

அக்காலத்துக் கத்தோலிக்க உலகின் நிலையையும் இவ்விடத்து அறிந்துகொள்ளல் நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பாவில் திருச்சபைக்கும் குடியாட்சிக்கும் இடையே நம்பிக்கை இருந்ததில்லை. முடியாட்சியோடு நெருங்கியிருந்த திருச்சபை மக்களாட்சியை ஐயத்துடன் நோக்கிற்று. பதின்மூன்றாம் லியோ என்னும் திருத்தந்தை 1891-ஆம் ஆண்டு தொழிலாளர் நிலை பற்றித் திருமுகம் ஒன்று விடுத்தார். உழைப்பவனுக்கு வாழ்க்கைக்குப் போதிய கூலி தரவேண்டும், தொழிலாளர் சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமை உடையவர் என்று அது எடுத்துக் கூறிற்று. அது முதற்கொண்டு கத்தோலிக்கர் பொதுவாழ்வில் இறங்கிச் சமுதாய மாற்றத்திற்கு உழைப்பது கடமையென்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஜெர்மனியில் கத்தோலிக்கர் தமக்கென ஒரு கட்சியை 1870-லேயே அமைத்திருந்தனர். இத்தாலியில் ஸ்தூர்சோ என்னும் குருவானவர் 1919-இல் மக்கள் கட்சி ஒன்றை நிறுவினார்.

தமிழ்நாட்டுத் திருச்சபைக்கோ வேறொரு நோய் உள்ளே இருந்தது. அதுவே சாதி. ஒரே பீடத்தின்முன் மண்டியிடுவோர் தனித்தனி இடங்களில் அமரும் வழக்கம் பல கோயில்களில் வேரூன்றிக் கிடந்தது. நெல்லைச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவரை 1910-ஆம் ஆண்டு இடித்தபோது எழுந்த பூசல் நீதிமன்றம் வரை சென்றது. கோயிலுக்குள்ளேயே இந்நிலை என்றால், வெளியே ஊர்ச் சமுதாயம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டுவதில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை எதிர்த்து நிற்க விரும்பிய ஒரு கத்தோலிக்கர், தம் சமயத்தார் மட்டும் சேர்ந்த கட்சி ஒன்றால் அதனைச் சாதிக்க இயலாது. பன்னீர்செல்வம் இதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் தேர்ந்த பாதையே சான்று. அவர் 1916-ஆம் ஆண்டு பிறந்த தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தில், அதாவது நீதிக்கட்சியில், தம்மை இணைத்துக்கொண்டார்.

நீதிக்கட்சியின் அடிப்படை, அரசாங்க அலுவலும் கல்வியும் ஒரு வகுப்பார்க்கே உரியவாய்க் கிடத்தல் தகாது என்பதாகும். அந்த எண்ணத்தின் பயனாக 1920-ஆம் ஆண்டுகளில் வகுப்புவாரி உத்தரவு நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு இடங்கள் காலியானால் அவற்றுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 எனப் பங்கிடப்பட்டது. அந்த ஓர் இடம் போதுமா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும், எல்லார்க்கும் பங்குண்டு என்னும் கொள்கை அரசாங்க ஏட்டில் ஏறிய காலம் அதுவேயாகும்.

பன்னீர்செல்வத்தின் பொதுப்பணி அடிப்படியிலிருந்து தொடங்கிற்று. 1918 முதல் 1920 வரை தஞ்சை நகராட்சித் தலைவராகவும், 1924 முதல் 1930 வரை தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராகவும் அவர் விளங்கினார். ஜில்லா போர்டு என்பது இக்காலத்து இளைஞர்க்கு வெறும் பெயராய்த் தோன்றலாம். இன்று தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எனப் பிரிந்துள்ள பகுதிகள் எல்லாம் அன்று ஒரே மாவட்டம். சாலை, பாலம், மருத்துவமனை, பள்ளி யாவும் அந்தப் போர்டின் கையில். இருப்புப்பாதைத் தொழிலில் இருப்போர் நன்கு அறிந்த செய்தி ஒன்றும் உண்டு. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரையில் 1894-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரயில் பாதை, அந்த ஜில்லா போர்டு மக்களிடம் வரி தண்டிச் சொந்தமாகப் போட்ட பாதையாகும். வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி. பாதைக்கு உரியவர் மாவட்டத்து மக்கள். அத்தகைய வலிமை வாய்ந்த மன்றத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்தவர், மனம் வைத்தால் செய்யக்கூடியன பல இருந்தன.

அவர் மனம் வைத்தார். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் வழிப்போக்கர்க்கும் மாணவர்க்கும் சோறிடச் சத்திரங்கள் பல கட்டி, அவற்றிற்கு நிலங்களும் விட்டிருந்தனர். சரபோசி மன்னர் காலத்தில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் எழுந்த சத்திரம் அவற்றுள் பெரியது. அந்த அறக்கட்டளைகளின் நிலத்தை உழுதவர் எல்லாச் சாதியாரும் ஆவர். அங்குள்ள மாணவர் விடுதியில் உண்டு உறைந்து படித்தவரோ ஒரு சாதியார் மட்டுமே. எல்லார் உழைப்பாலும் விளைந்த நெல் ஒரு சாராரின் இலையில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஜில்லா போர்டுத் தலைவரான பன்னீர்செல்வம் இவ்வநீதியைப் பொறுக்கவில்லை. பிற வகுப்பு மாணவர்க்கும் அவ்விடுதிக் கதவுகளைத் திறந்துவிட்டார். படிக்க ஆவலிருந்தும் பசியால் பள்ளியை விட்டு நின்ற ஏழைச் சிறுவர் பலருக்கு அந்த விடுதிச் சோறு வாழ்வின் திருப்பமாயிற்று.

திருவையாற்றில் இருந்த கல்லூரியின் செய்தியும் இதனோடு ஒத்ததே. மன்னர் அறக்கட்டளைப் பொருளால் நடந்த அக்கல்லூரியில் வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டு வந்தது. தமிழ்நாட்டின் நடுவே, தமிழ் வளர்த்த ஐயாற்றில், தமிழ் மக்கள் பொருளால் நடக்கும் கல்லூரியில் தமிழுக்கு இடமில்லை! கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உயிராக விளங்கிய உமாமகேசுவரனார் போன்ற அறிஞர்களின் துணையோடு பன்னீர்செல்வம் அங்கே தமிழுக்கும் இடம் வகுத்தார். வடமொழியை அவர் வெளியேற்றவில்லை. தமிழை உள்ளே அழைத்து அருகில் அமர்த்தினார். பின்னாளில் அரசர் கல்லூரியெனப் பெயர் பெற்ற அக்கல்லூரியிற் பயின்று வெளிவந்த தமிழ் வித்துவான்கள் தமிழகமெங்கும் ஆசிரியராய் அமர்ந்து தமிழ் பரப்பினர். இந்து மன்னர்களின் அறக்கட்டளையை எல்லா மக்களுக்கும் உரியதாக்கியவர் ஒரு கத்தோலிக்கர் என்பது எண்ணி மகிழத்தக்கது. தம் சமயத்தாருக்கு அதில் ஒரு பங்கு வேண்டுமென்று கேட்டு நின்றுவிடாமல், ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் அவர் கேட்டமையால், ஊரும் அவரை அயலாராகக் கருதவில்லை.

1931-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு பெருந்தேர்வு வந்தது. இலண்டனில் கூடிய இரண்டாவது வட்டமேசை மாநாட்டிற்கு இந்தியக் கிறித்தவர்களின் பேராளராக அவர் சென்றார். காந்தியடிகள் காங்கிரசின் பேராளராக அமர்ந்த மாநாடு அது. வருங்கால இந்தியாவில் சிறுபான்மையோர்க்குத் தனித்தொகுதி வேண்டுமா என்பது அங்கே எழுந்த சிக்கல். நவம்பர் மாதத்தில் சிறுபான்மையோர் உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. முஸ்லிம்கள் சார்பில் ஆகாகான், தாழ்த்தப்பட்டோர் சார்பில் டாக்டர் அம்பேத்கர், ஆங்கிலோ இந்தியர் சார்பில் கிட்னி, ஐரோப்பியர் சார்பில் கார், கிறித்தவர் சார்பில் பன்னீர்செல்வம் ஆகியோர் அதனை ஏற்றனர். மாநாட்டில் இருந்த மற்றொரு கிறித்தவப் பேராளரான எஸ். கே. தத்தா அதில் சேரவில்லை. தனித்தொகுதி நாட்டைத் துண்டாடும் என்பது அவர் போன்றோர் கருத்து. காந்தியடிகளும் அவ்வுடன்படிக்கையை வன்மையாக எதிர்த்தார்.

ஒரே சமயத்தைச் சார்ந்த இருவர் ஒரே மேசையில் இருவேறு பக்கம் நின்றனர். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. தனித்தொகுதி இல்லையேல், சிதறிக் கிடக்கும் சிறுபான்மையோர் சட்டமன்றத்தின் வாயிலையே காண முடியாது என்பது ஒரு சாரார் அச்சம். தனித்தொகுதி இருந்தால், பெரும்பான்மையோர் அவர்களை நாடி வரவும் மாட்டார், அவர்கள் குறையைக் கேட்கவும் மாட்டார் என்பது மறுசாரார் அச்சம். பன்னீர்செல்வம் முதல் அச்சத்தை மெய்யெனக் கண்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்ட வகுப்புத் தீர்ப்பில் கிறித்தவர்க்குத் தனித்தொகுதி கிடைத்தது. தாழ்த்தப்பட்டோர்க்குக் கிடைத்ததோ, காந்தியடிகளின் உண்ணாநோன்பிற்குப் பின் செப்டம்பர் 24-ஆம் நாள் புனா உடன்படிக்கையால் பொதுத்தொகுதியில் ஒதுக்கீடாக மாறிற்று. டாக்டர் அம்பேத்கரின் பெயரை வீட்டுக்கு வீடு போற்றும் தங்கவயல் மக்களுக்கு, இலண்டனில் அவரோடு ஒரே ஏட்டில் கையொப்பமிட்ட தமிழர் ஒருவர் உண்டு என்னும் செய்தி மகிழ்வு தருவதாகும்.

1934-ஆம் ஆண்டு முதல் கவர்னரின் நிர்வாகக் குழுவில் உள்துறை உறுப்பினராகவும், 1937-இல் கூர்மா வெங்கடரெட்டி நாயுடு அவர்களின் இடைக்கால அமைச்சரவையில் உள்துறை, நிதித்துறை அமைச்சராகவும் பன்னீர்செல்வம் பணியாற்றினார். சர் பட்டமும் பெற்றார். நாட்டு விடுதலைக்காகப் பலர் சிறை சென்ற காலத்தில் அவர் ஆங்கில அரசின் பதவியில் அமர்ந்திருந்தார் என்பதை மறைக்கவேண்டுவதில்லை. அந்நியர் ஆட்சி ஒழிவது ஒரு விடுதலை. பிறப்பால் வரும் இழிவு ஒழிவது மற்றொரு விடுதலை. எது முந்தியது என்பதில் அக்காலத்துப் பெரியோர் பிரிந்து நின்றனர். பதவி வழியே இரண்டாவதை நெருங்கலாம் என்பது பன்னீர்செல்வத்தின் கருத்து. அதன் குறைநிறைகளை ஆய்வது நம் கடன். அவர் அப்பதவியை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குப் பயன்படுத்திய வரலாற்றையும் அந்தத் தராசில் வைத்தே ஆய்தல் வேண்டும்.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வீழ்ந்தது. சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்குச் சென்றன. கட்சித் தலைவர் பொப்பிலி அரசரே தோற்றார். கிறித்தவர்க்கென ஒதுக்கப்பட்ட 8 இடங்களில் ஒன்றில் வென்று பன்னீர்செல்வம் சட்டமன்றத்தில் அமர்ந்தார். இலண்டனில் அவர் வாதாடிப் பெற்ற வேலிதான் புயலில் அவரைக் காத்தது. அவ்வேலிக்குள் நின்று அவர் என்ன செய்தார் என்பதிலேதான் அவர் பெருமை அடங்கியிருக்கிறது. கிறித்தவர் வாக்களித்து அனுப்பிய அவர், அங்கே தமிழர் எல்லாருக்குமாகப் பேசினார்.

1938-ஆம் ஆண்டு ஏப்ரலில் இராசகோபாலாச்சாரியாரின் அமைச்சரவை 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிற்று. தமிழகம் கொதித்தெழுந்தது. ஆகஸ்டு முதல் நாள் திருச்சியிலிருந்து புறப்பட்ட தமிழர் படை ஊர் ஊராக நடந்து செப்டம்பரில் சென்னையை அடைந்தது. பெண்டிரும் குழந்தைகளோடு சிறை புகுந்தனர். 1939-ஆம் ஆண்டு ஜனவரியில் நடராசனும், மார்ச்சில் தாளமுத்துவும் காவலில் இருந்த நிலையில் உயிர் நீத்தனர். சட்டமன்றத்துள் அமைச்சரவையை எதிர்த்து வாதிட்ட சிலருள் பன்னீர்செல்வம் முதல்வரிசையில் நின்றார். சிறையிலிருந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி 1938 டிசம்பரில் நீதிக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சென்னை மாநாட்டில் அவருடைய தலைமையுரையை வாசித்தவரும் பன்னீர்செல்வமே.

கடவுள் இல்லையென்று முழங்கியவர் பெரியார். ஞாயிறு தவறாது பூசை காணும் மரபில் வந்தவர் பன்னீர்செல்வம். இவ்விருவரும் தோளோடு தோள் நின்றமை கண்டு பலர் வியந்தனர். கிறித்தவருட் சிலர் மனம் கலங்கவும் செய்தனர். கடவுளைப் பற்றி இருவருக்கும் உடன்பாடில்லை. மனிதனைப் பற்றி இருந்தது. எல்லாரும் ஒரே தந்தையின் மக்கள் என்னும் நம்பிக்கையால் ஒருவர் சாதியை வெறுத்தார். பகுத்தறிவின் துணையால் மற்றொருவர் அதனையே வெறுத்தார். இருவேறு ஊற்றிலிருந்து வந்த நீர் ஒரே வயலிற் பாய்ந்தது. ஒருவர் மற்றவரைத் தம் வழிக்கு மாற்ற முயலாமல், பொதுப்பணியில் ஒன்றுபட முடியும் என்பதே குடியாட்சிக்கு அவர்கள் இருவரும் காட்டிய பாடமாகும்.

அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகிற்று. கட்டாய இந்தி 1940 பிப்ரவரி 21-ஆம் நாள் நீக்கப்பட்டது. அவ்வெற்றியின் மகிழ்ச்சி அடங்குமுன் பேரிடி வீழ்ந்தது. இந்திய மந்திரியின் ஆலோசகராக நியமனம் பெற்று இலண்டன் செல்லப் பன்னீர்செல்வம் வானூர்தி ஏறினார். ஹானிபால் என்னும் பெயருடைய அந்த வானூர்தி மார்ச் முதல் நாள் ஓமான் வளைகுடாவுக்கு மேலே பறந்துகொண்டிருக்கையில் மறைந்தது. அதிலிருந்த எண்மருள் ஒருவரும் மீளவில்லை. உடலும் கிடைக்கவில்லை; ஊர்தியின் சிதைவும் கிடைக்கவில்லை. கல்லறையில் வைத்து மந்திரிக்கவும் வழியின்றிக் கடல் அவரைக் கொண்டது. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. தம் துணைவியார் மறைந்தபோதும் கலங்காத பெரியார் இம்மறைவால் நிலைகுலைந்து எழுதினார். பாரதிதாசன் இரங்கற்பா இயற்றினார். ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளில், அவர் கையொப்பமிட்டுப் பெற்ற தனித்தொகுதியும் மறைந்தது. அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையோர் குழுவின் தலைவராக இருந்த எச். சி. முகர்ஜியும், சென்னை இலயோலாக் கல்லூரியிற் பணியாற்றிய யேசு சபைக் குருவான ஜெரோம் டிசூசாவும் கிறித்தவர்களே. சமய அடிப்படையிலான ஒதுக்கீடு வேண்டாமென்று 1949-ஆம் ஆண்டு மே மாதம் சபை முடிவு செய்தபோது அவர்கள் அதற்கு இசைந்தனர். அதற்கீடாக, சமயச் சிறுபான்மையோரும் மொழிச் சிறுபான்மையோரும் தமக்கென்று பள்ளிகள் நிறுவி நடத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவில் இடம் பெற்றது. 1931-இல் பன்னீர்செல்வம் கேட்ட வேலி அன்றைய புயலுக்குத் தேவையாய் இருந்திருக்கலாம். 1949-இல் வேலியைத் தாமே அகற்றியவர்கள், அவர் வேலிக்கு வெளியே செய்து காட்டிய பொதுப்பணியின் மேல் நம்பிக்கை வைத்தவர்கள் எனலாம்.

அந்த 30-ஆம் பிரிவில் மொழிச் சிறுபான்மையோர் என்னும் சொல் உள்ளதே, அது நம்மைக் குறிக்கும் சொல். 1956-இல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யவேண்டுமென்று மாநிலங்களைப் பணிக்கிறது. ஆகவே தங்கவயலில் ஒரு தமிழ்ப் பள்ளியின் கதவு திறந்திருக்க நாம் கேட்பது பிச்சையன்று, உரிமையே. ஆனால் உரிமையைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், வேலை தேடி விடியுமுன் பெங்களூருக்கு இரயிலேறுவோரில் தமிழரும் உண்டு, கன்னடரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. சிலுவை அணிந்தவரும், திருநீறு பூசியவரும், தொழுகை செய்பவரும், புத்தரை வணங்குபவரும் ஒரே பெட்டியில் நின்றுகொண்டு செல்கின்றனர். இவர்கள் எல்லாருடைய பிள்ளைகளுக்கும் நல்ல பள்ளியும், குடிநீரும், இருக்கும் வீட்டுக்கு உரிமையும் வேண்டுமென்று நகராட்சியிலும் சட்டமன்றத்திலும் முதலில் குரல் கொடுப்பவர் தமிழராய் இருத்தல் வேண்டும். தமக்கு ஒரு பங்கு கேட்பவனை ஊர் பொறுத்துக்கொள்ளும். ஊருக்காகக் கேட்பவனையே ஊர் தலைவனாக ஏற்கும்.

ஒரத்தநாட்டு விடுதியின் கதவைத் திறந்த கை நமக்குக் காட்டும் வழி இதுவே. நம் பிள்ளைகளுக்கு அப்பெருமகனாரின் பெயரையும் வரலாற்றையும் சொல்லி வைப்போமாக. அவர் புகழ் நின்று நிலவுக! தங்கவயல் தமிழர் ஒற்றுமை ஓங்குக!